எத்தியோப்பியாவில் இப்போது மணி என்ன?

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் போன மாதம் கூப்பிட்டார். "சார், நானும் வீட்டுக்காரம்மாவும் எத்தியோப்பியா போறோம். பத்து நாள். என்னென்ன பார்க்கணும்னு நீங்கதான் சொல்லணும்." லாலிபெலா, ஹரார், சிமியென் மலை என்று வாயில் வந்த பெயர்களையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். போனை வைத்த பிறகுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லவே இல்லையே என்று பட்டது. ஊர்ப்பெயர்களை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். அங்கே குடியிருந்தவன் முதலில் சொல்லித்தர வேண்டியது மணி பார்க்க. அவருக்கு நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன், இப்படி நீண்டுவிட்டது.

நான் அங்கே போனது 2012 அக்டோபரில். எத்தியோப்பியா அப்போது ஊருக்கு ஊர் பல்கலைக்கழகம் திறந்துகொண்டிருந்தது. பாடம் நடத்தத் தமிழ்நாட்டிலிருந்தும் நிறையப் பேர் போனோம். இந்த உறவு புதிதும் இல்லை. ஹைலே செலாசி பேரரசர் காலத்திலேயே பள்ளிக்கூடங்களுக்கு இந்திய ஆசிரியர்களை வரவழைத்தார்கள். மலையாளிகள் அதிகம், தமிழர்களும் உண்டு. "எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் ஓர் இந்தியர்" என்று நரைத்த தலைக்காரர்கள் கையைப் பிடித்துக்கொள்வது இன்றும் நடக்கும்.

எனக்கு வேலை பஹிர் தார் நகரத்தில். அடிஸ் அபாபாவில் இறங்கி, மறுநாளுக்குப் பஸ் டிக்கெட் எடுத்தேன். டிக்கெட்டில் பேனாவால் 11:30 என்று எழுதியிருந்தது. காலையில் குளித்து, சாப்பிட்டு, பெட்டிகளை இழுத்துக்கொண்டு பத்தே முக்காலுக்கு நிலையத்தில் போய் நின்றேன். அந்த இடத்தில் ஒரு பஸ்கூட இல்லை. டிக்கெட் கொடுத்த ஊழியர் என் கைக்கடிகாரத்தையும் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தைத் திருப்பிப்போட்டு அதில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேல் பாதி வெளியே வந்த சூரியன். பக்கத்தில் 12 என்று எழுதினார். பிறகு சூரியனுக்குச் சற்றுக் கீழே, கோட்டுக்கு அடியில் ஒரு புள்ளி வைத்து 11:30 என்று எழுதினார். நான் ஏற வேண்டிய பஸ் விடியற்காலை ஐந்தரைக்கே போய்விட்டிருந்தது.

எத்தியோப்பியர்களுக்கு நாள் தொடங்குவது பொழுது விடியும்போது. நமக்குக் காலை ஏழு மணி என்றால் அவர்களுக்கு ஒரு மணி. மதியம் பன்னிரண்டு அவர்களுக்கு ஆறு. சூரியன் சாயும்போது பன்னிரண்டு, அங்கிருந்து இரவுக்கு மறுபடி ஒன்று, இரண்டு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து நாடு என்பதால் வருடம் முழுக்க விடியும் நேரம் அதிகம் மாறாது. அதனால் இந்தக் கணக்கு எந்த மாதத்திலும் பொய்க்காது. நான் அங்கே போய் மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் ஒரு விஷயம் உறைத்தது. எங்கள் தாத்தா பஞ்சாங்கம் பார்த்துச் சொன்ன நாழிகையும் விடியலிலிருந்து எண்ணியதுதானே! உதயாதி நாழிகை என்பார். ஒரு நாளைக்கு அறுபது நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம். எத்தியோப்பியக் கணக்கில் ஒரு மணி நேரம் என்பது சரியாக இரண்டரை நாழிகை. நம் வீடுகளில் அந்தக் கணக்கு பஞ்சாங்கத்துக்குள்ளும் ஜாதகக் கட்டுக்குள்ளும் சுருங்கிப்போனது. அங்கே பஸ் டிக்கெட்டில் இருக்கிறது. ஆச்சரியத்தைவிட ஒரு ஏக்கம்தான் எனக்கு அதிகமாக இருந்தது.

விமான டிக்கெட்டிலும் பெரிய ஹோட்டல்களிலும் நமக்குத் தெரிந்த மணிதான். பஸ், கடை, டாக்டர், கல்யாண அழைப்பிதழ் எல்லாம் அவர்கள் மணி. சந்தேகம் வந்தால் "ஹபெஷா மணியா, ஃபெரெஞ்ச் மணியா?" என்று கேட்டுவிடுங்கள். ஹபெஷா என்பது அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர். ஃபெரெஞ்ச் என்றால் வெள்ளைக்காரர், வெளிநாட்டவர். நம் ஊர் பரங்கி என்ற சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றேதான்.

மணி இப்படி என்றால் வருடமும் அப்படித்தான். பஹிர் தாரில் எனக்கு வீடு கொடுத்த அம்மாள் நீட்டிய வாடகை ஒப்பந்தத்தில் ஆண்டு 2005 என்று இருந்தது. பழைய ஒப்பந்தத்தைத் தவறிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அங்கே அது 2005-தான். கிறிஸ்து பிறப்புக்கான கணக்கை ஐரோப்பியத் திருச்சபை ஒரு விதமாகவும், அலெக்சாந்திரியா மரபில் வந்த எத்தியோப்பியத் திருச்சபை வேறு விதமாகவும் போட்டதால் ஏழு, எட்டு வருட வித்தியாசம். உலகம் முழுக்க 2000-ஐக் கொண்டாடி முடித்து ஏழாண்டு கழித்து, 2007 செப்டம்பர் 12 அன்று அவர்கள் தங்கள் 2000-க்குள் நுழைந்தார்கள். மாதம் பதின்மூன்று. பன்னிரண்டு மாதங்களுக்கு முப்பது முப்பது நாள். மிச்சம் விழும் ஐந்து நாள், நான்காண்டுக்கு ஒருமுறை ஆறு நாள், பாகுமே என்ற குட்டி மாதம். நமக்குப் பிரபவ, விபவ என்று வருடங்களுக்குப் பெயர் இருப்பதுபோல அவர்களுக்கு மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று நான்கு பெயர்கள் சுழன்று வரும். நான் போய் இறங்கியது மத்தேயு ஆண்டில்.

புத்தாண்டு செப்டம்பர் 11, சில வருடங்களில் 12. ஜூனில் பிடித்த மழை ஓயும் நேரம் அது. மேட்டு நிலம் முழுக்க அடெய் அபெபா என்ற மஞ்சள் பூ மலர்ந்து கிடக்கும். சிறுமிகள் கூட்டமாகப் பாடிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள், பையன்கள் தாங்கள் வரைந்த படங்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், நாம் சில்லறை தர வேண்டும். பயணத்துக்கு நாள் குறிப்பவர்கள் அந்தப் பூவை மனதில் வைத்துக் குறிக்கலாம் என்பேன். செப்டம்பர் கடைசி முதல் ஜனவரி வரை வானம் தெளிந்து இருக்கும், மலை பச்சையாக இருக்கும்.

எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் எனக்குத் தாண்டிப் போக முடியாது. அம்ஹாரிய எழுத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் கைகால் விரித்து நிற்கும் மனிதர்கள் வரிசையாக நிற்பதுபோல் இருக்கும். மிரண்டுவிட வேண்டாம். தமிழ் படித்தவருக்கு அது எட்டும் எழுத்து. க, கா, கி, கீ என்று நாம் படித்தோமே, அதே முறை. ஒரு மெய்யெழுத்து உருவம், அதன் காலையோ தோளையோ வளைத்து, ஒரு கொக்கி போட்டு, ஏழு உயிர்களோடு சேர்ப்பார்கள். 33 உருவம், ஏழு வரிசை, மொத்தம் 231. நம்முடைய உயிர்மெய் 216. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் திண்ணையில் உட்கார்ந்து "ஹ, ஹு, ஹி, ஹா, ஹே, ஹ், ஹோ" என்று ராகம் போட்டுச் சொல்லும்போது, என் ஒன்றாம் வகுப்பு அறையே காதில் கேட்டது. அவர்களோடு சேர்ந்து சொல்லிச் சொல்லி மூன்று வாரத்தில் கடைப்பலகை படித்துவிட்டேன். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயரை நாமே எழுத்துக்கூட்டிப் படித்து ஏறும் சந்தோஷம் வேறு எந்தச் சுற்றுலாவிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: எண்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் வாழும் நாடு அது. ஒரோமோ மொழி பேசுகிறவர்கள்தான் அங்கே பெருந்தொகை, அவர்கள் தங்கள் மொழியை லத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள். நான் வாழ்ந்தது அம்ஹாரா மேட்டு நிலத்தில், அதனால் என் பேச்சு அந்தப் பக்கமாகவே சாய்கிறது.

பெயர் விஷயத்திலும் நமக்கும் அவர்களுக்கும் ஒட்டுதல் உண்டு. குடும்பப்பெயர் என்ற ஒன்று அவர்களிடம் கிடையாது. தன் பெயர், அடுத்து அப்பா பெயர், தேவைப்பட்டால் தாத்தா பெயர். கல்யாணத்துக்குப் பிறகு பெண் தன் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. மரியாதையாகக் கூப்பிடும்போது ஆணுக்கு அத்தோ, மணமான பெண்ணுக்கு வெய்ஸெரோ என்று முன்னால் சேர்த்து, அவரவர் சொந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். விமான நிலையப் படிவத்தில் 'சர்நேம்' கட்டத்தில் என்ன எழுதுவது என்று தமிழ்நாட்டுக்காரர் எவரும் ஒருமுறையாவது விழித்திருப்போம். எத்தியோப்பியாவின் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு அடுத்து என் அப்பா பெயரை யாரும் கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டார்கள்.

இனி சாப்பாடு. அங்கே சைவத்துக்கு வழி உண்டா என்று கேட்காத தமிழர் இல்லை. நம் வெளிநாட்டுப் பயணங்களில் இவ்வளவு வயிறாரச் சைவம் கிடைக்கும் நாடு அபூர்வம். காரணம் அவர்கள் விரதம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு ஒவ்வொரு புதனும் வெள்ளியும் விரத நாள். ஈஸ்டருக்கு முன் ஐம்பத்தைந்து நாள் தொடர் விரதம், அதற்கு மேலும் பல. அந்த நாட்களில் இறைச்சி, முட்டை மட்டுமல்ல, பால், நெய்கூடத் தொடமாட்டார்கள். கடையில் உட்கார்ந்து "யெட்ஸோம் பெயாய்நெட்டு" என்று சொல்லுங்கள். அகலத் தட்டில் இஞ்செரா விரித்து, அதன்மேல் மைசூர்ப் பருப்பு, பட்டாணிப் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட், ஷிரோ என்கிற கடலைமாவுக் குழம்பு எல்லாம் வண்ண வண்ணமாகக் குவித்துக் கொண்டுவந்து வைப்பார்கள். விரதம் இல்லாத நாளில் போனாலும் அதே வார்த்தையைச் சொல்லிக் கேட்கலாம். காரத்துக்கு பெர்பெரே பொடி இருக்கிறது. நம் நாக்குக்கு அது உறவு.

இஞ்செரா தோசையா என்று கேட்பார்கள். தோசைக்கு அக்கா என்று வைத்துக்கொள்ளலாம். டெஃப் என்ற தானியம், கசகசாவைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் அதிகம். அந்த மாவைக் கரைத்து, போன தடவை புளித்த மாவின் மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரை, எர்ஷோ என்பார்கள், ஊற்றி இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுவார்கள். மிட்டாட் என்ற பெரிய வட்டக் கல்லில் ஊற்றும்போதுதான் நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். நாம் நடுவில் ஊற்றி வெளியே இழுப்போம். அவர்கள் ஓரத்தில் தொடங்கி, மெல்லிய தாரையாகச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். திருப்பிப் போடுவது கிடையாது. மூடிவைத்தால் மேல்பக்கம் முழுக்கக் குழிகுழியாகக் கண் திறக்கும். எத்தனை கண் திறந்தது என்று பார்த்துத்தான் கைப்பக்குவத்தைப் புகழ்வார்கள். நமக்கு இன்னொரு சொந்தமும் அங்கே இருக்கிறது. நம் கேழ்வரகு பிறந்தது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில், எத்தியோப்பியா, உகாண்டா பக்கம். அங்கிருந்து சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்வழியாக இந்தியா வந்தது. அங்கே அதற்கு டகுஸா என்று பெயர். பஹிர் தார் சந்தையில் சாக்கில் குவித்திருந்த கேழ்வரகை அள்ளிப் பார்த்தபோது, தாய்வீட்டில் நிற்கிற மாதிரி இருந்தது.

ஒரே தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து வலது கையால் பிட்டுச் சாப்பிடுவது வழக்கம். அப்போது யாராவது ஒரு கவளம் சுருட்டி உங்கள் வாய்க்கே கொண்டுவருவார்கள். அது குர்ஷா. அன்பும் மரியாதையும் ஒன்றாகச் சேர்ந்த செயல். கையில் வாங்கிக்கொள்ளக் கூடாது, வாயைத் திறக்க வேண்டும். பதிலுக்கு நீங்களும் ஒரு கவளம் ஊட்டிவிடுங்கள்.

காபி. இதற்கு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும், நானும் எடுத்துக்கொள்கிறேன். நாம் குடிக்கும் அராபிக்கா காபிச் செடி காட்டுச் செடியாக முளைத்தது எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகளில், கஃபா பக்கம். அங்கிருந்து ஏமனுக்குப் போய், ஏமனிலிருந்து பாபா புடான் சிக்மகளூர் மலைக்குக் கொண்டுவந்தார் என்பது நம் பக்கத்து வழக்கு. கும்பகோணம் டபராவுக்குப் பூர்வீகம் அதுதான்.

எங்கள் வீட்டுக்கார அம்மாளை எல்லோரும் எமாமா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பி, வெள்ளைச் சேலைபோல் தோளைச் சுற்றிய நெடெலாவைச் சரிசெய்துகொண்டு, கூடத்துத் தரையில் பச்சைக் கோரையைப் பரப்புவார். கால் படும்போது ஈர வாசனை வரும். ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கரி அடுப்பைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வார். பச்சைக் கொட்டையைக் கழுவி, தட்டைச் சட்டியில் போட்டு, ஓயாமல் கிளறுவார். கொட்டை பச்சையிலிருந்து மஞ்சளாகி, பழுப்பாகி, எண்ணெய் கசிந்து மினுங்கும்போது படபடவென்று சின்ன வெடிச்சத்தம். உடனே சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து, உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் முன்னும் காட்டுவார். நாம் கையால் புகையை முகத்துக்கு வாரிக்கொள்ள வேண்டும், கற்பூர ஆரத்தி எடுத்துக்கொள்வது மாதிரி. பிறகு உரலில் இடிப்பது. ஜெபெனா என்ற கழுத்து நீண்ட கறுப்பு மண்கூஜாவில் தண்ணீர் கொதிக்கும். பொடியை அதற்குள் போட்டு, பொங்கி வர விட்டு, சாய்த்துவைத்துத் தெளியவிடுவார். இதற்குள் தணலில் சாம்பிராணி விழுந்திருக்கும், தட்டில் சோளப்பொரி வந்திருக்கும். காது இல்லாத சின்னக் கிண்ணங்கள் நெருக்கமாக அடுக்கியிருக்க, கையை நன்றாக உயர்த்தி, தாரை அறாமல், ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் எல்லாக் கிண்ணத்தையும் ஒரே ஓட்டத்தில் நிரப்புவார். அதைப் பார்க்கவே எதிர்வீட்டிலிருந்து ஆள் வந்து உட்காரும் என்று நினைப்பேன்.

முதல் சுற்று அபோல், கடுமையாக இருக்கும். அதே பொடியில் தண்ணீர் சேர்த்து இரண்டாவது, டோனா. மூன்றாவது பெரெகா, அந்தச் சொல்லுக்கு ஆசீர்வாதம் என்று பொருள். மூன்று சுற்றும் முடிய ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகும். தெரு விவகாரம், விலைவாசி, யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் அந்தக் கிண்ணங்களுக்கு நடுவில்தான் பேசி முடியும். ஆரம்ப நாட்களில் ஒருமுறை விடைத்தாள் திருத்த வேண்டும் என்று இரண்டாம் சுற்றோடு எழுந்தேன். எமாமா என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்து, "ஆசீர்வாதத்தை விட்டுவிட்டு எங்கே போகிறாய்?" என்றார். அதற்குப் பிறகு நான் எழுந்ததே இல்லை. பத்து நாள் பயணத்தில் ஒரு நாள் பிற்பகலை இதற்கென்று காலியாக வையுங்கள். ஹோட்டல் வரவேற்பறைக் காபி வேறு. யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் போய்விடுங்கள்.

பேச்சைப் பற்றி இரண்டே விஷயம். வகுப்பில் முதல் நாள் "புரிகிறதா?" என்று கேட்டேன். முன்வரிசைப் பெண் திடுக்கென்று மூச்சை உள்ளே இழுத்தார். ஏதோ வலி என்று பதறிவிட்டேன். அது 'ஆமாம்'. அப்படி மூச்சிழுப்பதும் அங்கே ஒரு சம்மதச் சொல்தான். இன்னொன்று 'ஐஸோஹ்'. யாராவது கல்தடுக்கினால், சுமை தூக்கினால், தேர்வில் தோற்றால், வீட்டில் சாவு விழுந்தால், எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வார்த்தை. பெண்ணுக்குச் சொல்லும்போது ஐஸோஷ். 'தைரியமாக இரு, ஒன்றும் ஆகாது' என்பதற்கும் 'நான் இருக்கிறேன்' என்பதற்கும் நடுவில் எங்கோ நிற்கும் சொல். பஸ்ஸைத் தவறவிட்ட அன்று, சூரியனை வரைந்து காட்டியவர் கடைசியில் என் தோளைத் தட்டிச் சொன்னது அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

லாலிபெலாவைப் பார்க்காமல் வர வேண்டாம். பதினொரு கோயில்கள். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் லாலிபெலா என்ற அரசர் காலத்தில் எழுந்தவை என்று சொல்வது வழக்கம். எழுந்தவை என்ற சொல்லே தவறு, அவை இறங்கியவை. கழுகுமலையில் வெட்டுவான் கோயிலைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். பாறையைச் சுற்றி அகழிபோல் வெட்டி, நடுவில் நிற்கும் கல்லை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்து, உள்ளேயும் குடைந்து, தூண், வளைவு, சன்னல் எல்லாம் ஒரே கல்லில். பெட் கியோர்கிஸ் கோயிலுக்குப் போகும்போது கோபுரம் எதுவும் கண்ணில் படாது. வெறும் சிவந்த பாறைத் தரையில் நடந்துகொண்டே இருப்போம். திடீரென்று காலடியில் நிலம் பிளந்து, பள்ளத்துக்குள் ஒரு பெரிய சிலுவை. பன்னிரண்டு மீட்டர் ஆழம். மேலே நின்றால் கூரையின் சிலுவைதான் நம் காலடி மட்டத்துக்கு வரும். வெட்டுவான் கோயில் முடியாமல் நின்றது, இது முடிந்தது, அன்றிலிருந்து பூசையும் ஓயவில்லை. அதுதான் எனக்கு உடம்பைச் சிலிர்க்கவைத்தது. அருங்காட்சியகமாக நிற்கும் இடம் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், நம் கோயில் மாதிரியே. உள்ளே மெழுகுவர்த்திப் புகை, தோல் முரசு, குருமார் கையில் வெள்ளிச் சலங்கை.

அவர்கள் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அதற்கு லாலிபெலா போனேன். பல நாள் நடந்தே வந்த ஆட்கள், பாதத்தில் வெடிப்பும் தூசியுமாகப் பாறை ஓரங்களில் படுத்திருந்தார்கள். விடியும்போது பெட் மரியம் கோயிலைச் சுற்றிப் பாறை விளிம்பில் குருமார் ஒரு வரிசை, கீழே பள்ளத்தில் ஒரு வரிசை. மேலிருப்பவர்கள் பாடக் கீழிருப்பவர்கள் பதில் பாட, வரிசைகள் மெல்ல அசைந்து முன்னும் பின்னும் போயின. சுற்றிலும் ஆயிரக்கணக்கில் வெள்ளைத் துணி. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் தன் போர்வையின் பாதியை எடுத்து என் தோளில் போட்டார். எனக்கு அந்தப் பாட்டின் ஒரு சொல்கூடத் தெரியாது. அழுதுவிட்டேன்.

ஜனவரி 19-ல் வரும் டிம்கெட் திருவிழாவுக்குக் கோண்டார் போகிறவர்கள் உண்டு. சிமியென் மலையில் புல் மேயும் கெலாடா குரங்குகளைப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். நீல நைல் அருவிக்கு மழை ஓய்ந்த கையோடு போனால்தான் அழகு. மின் நிலையத்துக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்ட பிறகு மற்ற மாதங்களில் அது மெலிந்துவிடுகிறது. ஹரார் மதிலுக்கு வெளியே இரவில் கழுதைப்புலிகளுக்கு இறைச்சி ஊட்டுவார்கள். டனாகில் பள்ளத்தாக்கு கடல்மட்டத்துக்கும் நூறு மீட்டருக்கு மேல் கீழே இருக்கிறது, உலகின் மிகச் சூடான இடங்களில் ஒன்று. அஃபார் மக்கள் அங்கே உப்பைப் பாளம் பாளமாகக் கோடரியால் வெட்டி ஒட்டகத்தில் ஏற்றுவார்கள். அந்த உப்புக்கட்டி ஒரு காலத்தில் பணமாகவே புழங்கியது. அதே அஃபார் நிலத்தில் 2025 நவம்பரில் வெடித்த ஹாய்லி குப்பி எரிமலையின் சாம்பல் அரபிக் கடலைத் தாண்டி வந்து, நம் நாட்டில் விமானங்களை ரத்துசெய்யவைத்தது. தெற்கே ஓமோ பள்ளத்தாக்குக்குப் போய், உதட்டில் தட்டு அணிந்த பெண்களை வரிசையாக நிற்கவைத்துப் படத்துக்கு இவ்வளவு என்று பேரம் பேசும் பயணங்களை மட்டும் என் மாணவருக்கு நான் சொல்லமாட்டேன். மனிதரைக் காட்சிப்பொருளாக்கிப் பார்த்துவிட்டு வருவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

எங்கள் பள்ளிக்காலத்தில், மெலிந்த பையன் வகுப்பில் இருந்தால் "எத்தியோப்பியா" என்று பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். 1984 பஞ்சத்துப் புகைப்படங்களிலிருந்து வந்த பெயர் அது. வறட்சியோடு உள்நாட்டுப் போரும் சேர்ந்து வட மாவட்டங்களை வாட்டிய வருடங்கள். அந்த ஒரே படத்தோடு ஒரு நாட்டை முடித்துவிட்டோமே என்று அங்கே இருந்த நாளெல்லாம் எனக்கு உறுத்தியது. ஆப்பிரிக்காவை ஐரோப்பியர் பங்குபோட்டபோது காலனியாகாமல் நின்ற நாடு அது. 1889-ல் இத்தாலி செய்துகொண்ட வுச்சாலே ஒப்பந்தம் அம்ஹாரிய மொழியில் ஒன்றைச் சொன்னது, இத்தாலிய மொழியில் வேறொன்றைச் சொன்னது. வெளிநாட்டு விவகாரங்களுக்கு இத்தாலியின் உதவியைப் பெறலாம் என்பது அம்ஹாரியத்தில். இத்தாலி வழியாகத்தான் பேச வேண்டும் என்பது இத்தாலியத்தில். மெனெலிக் பேரரசர் ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்தார். 1896 மார்ச் 1 அன்று அத்வா மலைகளில், அவரும் பேரரசி டைட்டுவும் திரட்டிய படை இத்தாலியப் படையை முறியடித்தது. முசோலினியின் இத்தாலி 1935-ல் மறுபடி படையெடுத்து வந்து, 1936 முதல் ஐந்தாண்டு ஆக்கிரமித்தது. அக்சும் நகரத்திலிருந்து 24 மீட்டர் உயரமுள்ள பழங்கால நடுகல் ஒன்றைப் பெயர்த்து ரோமுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். 1960-ல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் அபெபே பிக்கிலா என்ற எத்தியோப்பியப் படைவீரர் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார். ஓட்டப்பாதை அந்தக் கல்லைக் கடந்துதான் போனது. கல் 2005-ல் ஊர் திரும்பி, 2008-ல் பழைய இடத்திலேயே மறுபடி நிமிர்ந்தது. அடிஸ் அபாபா தேசிய அருங்காட்சியகத்தில் 32 லட்சம் ஆண்டுப் பழைய மனித மூதாதை லூசியின் எலும்புகளின் மாதிரியைப் பார்ப்பீர்கள். உலகம் லூசி என்கிறது. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் டின்கினேஷ், 'நீ அற்புதமானவள்'.

இனி கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட்டு அட்டை வாங்குங்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். அட்டை இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே தனிமையில் வைத்துவிடுவார்கள். விசா இணையத்தில் எடுக்கலாம். அடிஸ் அபாபா இரண்டாயிரத்து முந்நூறு மீட்டருக்கு மேலே, கிட்டத்தட்ட ஊட்டி உயரம். முதல் நாள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஸ்வெட்டர் வேண்டும்.

பாதுகாப்பு பற்றி மறைக்காமல் சொல்கிறேன். 2020 நவம்பரில் திக்ராயில் தொடங்கிய போர் இரண்டு வருடம் ஓடி 2022 நவம்பரில் பிரிட்டோரியா உடன்பாட்டோடு நின்றது. 2023 ஆகஸ்டிலிருந்து அம்ஹாரா மாநிலத்தில் அரசுப் படைக்கும் ஃபானோ ஆயுதக் குழுக்களுக்கும் மோதல். லாலிபெலா, கோண்டார், நான் குடியிருந்த பஹிர் தார் மூன்றும் அந்த மாநிலத்தில்தான். கிளம்புவதற்கு முன் இந்தியத் தூதரக அறிவிப்பைப் பாருங்கள், அங்கே தரைவழிப் பயணத்தைத் தவிர்த்து விமானத்தில் போங்கள், நிலைமை சரியில்லை என்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலரோடு பேச்சு அறுந்துபோய் வருடக்கணக்காகிறது. செய்தியில் அந்த ஊர்ப் பெயர் வந்தால் இன்றும் கை வேலையை நிறுத்திவிடுவேன்.

2014 ஜூலையில், அவர்கள் 2006-ல், நான் ஊரைவிட்டுக் கிளம்பினேன். அடிஸ் அபாபா பஸ்ஸுக்கு டிக்கெட்டில் மறுபடியும் 11:30. இம்முறை அலாரம் வைத்துப் படுத்தேன், அது அடிப்பதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருட்டில் எப்போது போய் அறுத்து வந்தாரோ, தரையில் பச்சைக் கோரை பரப்பியிருந்தது. எமாமா முக்காலியில் உட்கார்ந்து கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார். மணி ஒன்பது, நம் கணக்கில் நடுச்சாமம் தாண்டி மூன்று. மூன்று சுற்றுக்கும் நேரம் வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுந்திருக்கிறார். அபோல் குடித்தோம், டோனா குடித்தோம், இருவரும் அதிகம் பேசவில்லை. பெரெகா முடிந்து நான் கிண்ணத்தைக் கவிழ்த்தபோது மணி பதினொன்று. பெட்டியைத் தூக்கினேன். "ஐஸோஹ்" என்றார்.